சொந்தமா, அசலா

டாக்டரம்மா ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். குழந்தைக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்காகப் போயிருந்தோம். நானும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் எங்களுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றிருந்தார். கதவு பாதி திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"இல்லீங்கம்மா. அசலுதாங்க."

என் கணவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்குத் தாய்மாமன்.

டாக்டரம்மா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் காது ஒரே மாதிரி. மேல் விளிம்பு கொஞ்சம் வெளியே மடங்கி, கீழே தோடு போடும் இடம் கன்னத்தோடு ஒட்டி இருக்கும். ஊரில் யார் பார்த்தாலும் அக்கா தம்பி என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காதுகளை இவர் கவனித்துவிடுவாரோ என்ற பயத்தில், குழந்தைக்கு என்ன என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்த நிமிஷத்தில் நான் காதுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். குழந்தையின் வயிறு முன்பக்கம் சரியாக மூடவில்லை. குடல் வெளியே வந்து கிடக்கிறது. அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். எனக்கு அது மனதில் நிற்கவில்லை.

"திருச்சியில பெரிய எடத்துல காட்டுங்க. வேணாம்னு முடிவு பண்ணா அதுக்கும் சட்டப்படி இன்னும் டைம் இருக்கு. யோசிச்சு சீக்கிரம் சொல்லுங்க. லேட் பண்ணாதீங்க."

சொல்லிக்கொண்டே மணியை அடித்துவிட்டார். அடுத்த பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். கரும்புச்சாறு வண்டி அருகில் அம்மா நின்று, "குடிக்கிறியாடி?" என்றாள். நான் தலையாட்டினேன். மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"வேற என்னடா சொல்லச் சொல்ற? அந்தம்மா கேட்ட கேள்வியப் பாத்தியா? வெளிய அத்தன பொம்பளைங்க ஒக்காந்திருக்காளுவ."

"அப்ப நான் யாரு?"

அம்மா வண்டிப் பக்கம் திரும்பினாள். சாறு பிழிகிறவரிடம், ஐஸ் போடாமல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். மாமா கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களை விட்டுவிட்டு அவர் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

மாமாவுக்கும் அம்மாவுக்கும் வயதில் நிறைய வித்தியாசம். அவர்களைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகித் திருமானூருக்கு வந்தபோது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பிறந்தபோது மாமா பள்ளிக்கூடத்துப் பையன். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொள்ளிடக் கரை வரைக்கும் போவாராம். பிறகு ஐ.டி.ஐ. படிக்க வெளியே போனார், பெரம்பலூரில் தங்கி மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதற்கப்புறம் என்னைப் படிக்க வைத்ததும் வீட்டுக்குக் கூரை மாற்றியதும் மாமாதான்.

எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது வேறு மாப்பிள்ளை என்ற பேச்சே வரவில்லை. தாய்மாமன் இருக்கும்போது வெளியில் ஏன் தேட வேண்டும் என்றார்கள். சொல்லப்போனால் எங்கள் தெருவில் அது பெருமை. மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவளும் அம்மாதான், மாப்பிள்ளைக்கு அக்காவும் அம்மாதான். நாத்தனார் முடிச்சு அவள்தான் போட்டிருக்க வேண்டும். அப்பா இல்லாததால் அம்மாவை விடவில்லை. பெரியப்பா மகள் வந்து போட்டாள்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் அம்மா, "நான்தான் கொடுத்துக் கெடுத்தேன்" என்று அழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒன்று குத்தும். கொடுத்தது அவள். ஆசைப்பட்டது நான். கல்லூரியில் கூடப் படித்தவர்களிடம் மட்டும் மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம் என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் பெருமையாக இருந்தது கல்லூரிக்குப் போனால் சொல்ல முடியாததாகிவிடும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அம்மா அந்த வாரம் திருமானூருக்குத் திரும்பவில்லை. எங்களோடு பெரம்பலூரிலேயே இருந்தாள். ஒரு மத்தியானம் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாம்டி. கலைச்சிடலாம்."

"மாமா திருச்சிக்குப் போயிப் பாக்கலாங்கறாரு."

"பாத்து? அங்கயும் அதையேதான் கேப்பாங்க. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சியா? அக்கா தம்பிக்குள்ள கொடுத்து எடுத்துக்கிட்டாளுவ, அதான் புள்ள இப்படின்னுவாங்க. எனக்குச் சொல்லட்டும், நான் கெடக்குறேன். ஒன்னையும் அவனையும் சொல்லுவாங்களேடி."

அவள் கண்ணில் வெங்காயக் கண்ணீரா வேறு கண்ணீரா என்று தெரியவில்லை. நான், "கொழந்த கஷ்டப்படுமேன்னு எனக்கும் தோணுதும்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

குழந்தை கஷ்டப்படும் என்பது உண்மைதான். ஆனால் எனக்குத் தோன்றியது அது இல்லை. இந்தப் பிள்ளை இல்லாமல் போய்விட்டால் இனி யாரும் எங்களை அந்தக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. குளிக்கும்போது வயிற்றைப் பார்க்காமல் குளித்தேன். அது அசையும்போது கையை வேறு எங்காவது வைத்துக்கொண்டேன். மாமா ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, அசையுதா?" என்று கேட்பார். என்னைப் பாப்பா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவார். "தெரியல மாமா" என்பேன்.

மாமா என்று கூப்பிடுவதே அந்த நாட்களில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பக்கம் பாதிப் பெண்கள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக் கடையில், ஆட்டோவில் நான் அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடாமல், "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கவனித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

திருச்சிக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். முதல் ஸ்கேன் தப்பாக இருந்துவிடாதா என்ற ஆசைதான். பெரம்பலூரில் வேண்டாம், அரியலூரில் எடுக்கலாம் என்றதும் நான்தான். பெரம்பலூரில் மாமாவின் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்குச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அரியலூரில் எங்களை யாருக்குத் தெரியும்?

அம்மாவை விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மெதுவாகப் போனது. ஸ்கேன் சென்டரில் கவுண்டரில் இருந்த பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"சொந்தமா அசலா?"

"அசல்" என்றேன்.

மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். சுழன்றுகொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஸ்கேன் எடுத்த டாக்டர் நல்ல மனிதர். ரொம்ப நேரம் பார்த்தார். பெரம்பலூரில் சொன்னது சரிதான் என்றார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "மத்ததெல்லாம் நல்லாயிருக்கும்மா. இங்க பாருங்க, இது கை. பாருங்களேன்" என்றார். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்துவிட்டால் அப்புறம் ஒரு முடிவு எடுக்க முடியாமல் போய்விடும் என்று பயம். மாமா குனிந்து பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர், ஊர் தாண்டியதும் சொன்னார்.

"வெரல வாயில வெச்சிருந்துச்சு."

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"நீயும் அக்கா மாதிரியே சொல்லிட்டல்ல பாப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது போல் இருந்துவிட்டேன்.

திருச்சிக்கு அடுத்த திங்கட்கிழமை போனோம். அம்மா வரவில்லை, கால் வலிக்கிறது என்றாள். சிறுவாச்சூரில் பஸ் நின்றபோது அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் இறங்கியது. இறங்காதவர்களும் கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமாவும் போட்டுக்கொண்டார். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்திருந்தேன். பிள்ளை பிழைக்கட்டும் என்று என்னால் முழு மனதோடு கேட்க முடியவில்லை. போகட்டும் என்று அம்மன் எதிரே எப்படிக் கேட்பது?

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆபரேஷன் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் போலிருக்கிறது. தலையில் தொப்பி போட்டிருந்த தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டே ஸ்கேன் படங்களைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மொதல்ல நான் சொல்லிடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா கேளுங்க" என்றார்.

குழந்தையின் வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. அது வழியாகக் குடல் வெளியே வந்திருக்கிறது. பிள்ளை பிறந்ததும் அந்தக் குடலை ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைப்பார்கள். வயிற்றில் இடம் உண்டாக உண்டாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குவார்கள். எல்லாம் உள்ளே போனதும் ஓட்டையை மூடுவார்கள். பால் உடனே கொடுக்க முடியாது, ஊசி வழியாகத்தான் எல்லாம் போகும். நிறைய நாள் இங்கேயே இருக்க வேண்டும்.

"எல்லா புள்ளையும் பொழைக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா பொய். ஆனா இங்கயே பொறந்து, மத்ததெல்லாம் நல்லாருந்தா, பொழைக்கிற புள்ளைங்கதான் அதிகம். நீங்க வேணாம்னு முடிவெடுத்தாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். வீட்டுக்குப் போயிப் பேசிட்டு வாங்க. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல."

அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, மற்றக் கேள்விகளோடு கேள்வியாக அதையும் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

நான் மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"எங்க அக்கா பொண்ணுங்க சார். நான் தாய்மாமன்."

"சரி" என்றார் டாக்டர். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்தச் 'சரி'க்கு அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெண்டு இடத்தில் அசல் என்று சொன்னோம் என்று உளறினேன். டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நிறைய பேர் சொல்லுவாங்கம்மா" என்றார்.

மாமா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அதனாலதான் சார் இப்படி ஆச்சா?"

"இது ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. இதுக்கும் சொந்தத்துக்கும் பெருசா சம்பந்தம் இருக்குற மாதிரி தெரியல. வேற சில நோய்க்கு சம்பந்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. நான் கேட்டது எதுக்குன்னா, புள்ள பொறந்ததும் காது கேக்குதா, வேற எதாச்சும் இருக்கான்னு முன்கூட்டியே பாத்து வெச்சிக்கலாம். நீங்க மறைச்சிருந்தா அத நான் பாக்காம விட்டுருப்பேன்."

அப்போது நான் ஒன்று கேட்டேன். பிழைக்குமா, எவ்வளவு நாள் ஆகும், பின்னால் சாப்பிடுமா என்றெல்லாம் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்த கேள்வி வேறு. அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. பெற்றவள் கேட்கிற கேள்வியா இது என்று டாக்டர் நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"பாக்குறதுக்கு எப்படி சார் இருக்கும்?"

டாக்டர் டீ டம்ளரை ஓரமாக வைத்தார். "நல்ல கேள்விம்மா" என்றார். "மொகம், கை, காலு எல்லாம் மத்த புள்ளைங்க மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் எளச்சி இருக்கும். வயித்துமேல குடல் கெடக்குறது செவப்பா, தடிப்பா, ஈரமாத் தெரியும். மொதத் தடவ பாக்கும்போது பயமா இருக்கும். எனக்கே மொதத் தடவ பயமாத்தான் இருந்துச்சு. நீங்க மொகத்தப் பாருங்க. அப்புறம் மெதுவா வயித்தப் பாருங்க."

இரண்டு வாரமாக எனக்கு ராத்திரியில் தோன்றிக்கொண்டிருந்த உருவத்துக்கு முகமே இல்லை. அன்றைக்குத்தான் முகம் வந்தது.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தோம். படியெல்லாம் ஆட்கள், சாப்பாட்டுக் கூடைகள். "வெச்சுக்குவோம் மாமா" என்றேன். சத்தமாகத்தான் மாமா என்று சொன்னேன் போலிருக்கிறது, கீழ்ப்படியில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். மாமா எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தார், பின்னால் நின்ற ஆள் நகரச் சொல்லும் வரைக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சொந்தத்தால் வந்தது இல்லை என்று டாக்டர் சொன்னதைத்தான் முதலில் சொன்னேன்.

"மனசு நோகக் கூடாதுன்னு சொல்லிருப்பாரு" என்றாள். அவள் நம்பவில்லை. எனக்கும் அது முழுதாகப் போகவில்லை. காரணம் அது இல்லை என்று தெரிந்த பிறகும், யாராவது வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டால் அடுத்த கேள்வி அதுதானோ என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கியது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் மையத்துக்கு வந்தாள். கணவனால் கைவிடப்பட்டவள் என்ற சான்றிதழ் வேண்டும். வழக்கமாக நாங்கள் இருக்கிற இடத்திலிருந்தே, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்போம். புருஷன் விட்டுட்டுப் போயி எத்தன வருஷம் ஆச்சு, வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரா என்று. நானே எத்தனையோ பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணை உள்ளே வரச் சொல்லி, ஸ்டூல் போட்டு உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். இதற்கு முன்னால் கேட்டவர்களின் முகங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. நான்தான் அவர்களைப் பார்த்ததே இல்லையே.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு வேண்டாம் என்றாள் அம்மா. கூட்டம் கூட்டினால் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள் என்றாள்.

"பொண்ணு வூடும் நீதான், மாப்ள வூடும் நீதான். நீ வேணாம்னா வேணாம்க்கா" என்றார் மாமா. கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு அம்மா தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திருமானூரிலிருந்து ஒயர்க்கூடைக்குள் துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடி வளையல்களை எடுத்தாள். என்னைச் சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்துக் கையில் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாக ஏற்றினாள். பாட்டு இல்லை, சந்தனம் இல்லை. வளையல் மோதும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்தபடியே, "மன்னிச்சிக்கடி" என்றாள்.

திருச்சியில்தான் பிரசவம். ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டிருந்ததால் நினைவு இருந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், ஆனால் நிறுத்தாமல் வந்தது. நர்ஸ் ஒருத்தி என் தலைமாட்டுக்கு வந்து, "பொம்பளப் புள்ள. ஒடனே கொண்டு போகணும். பாக்குறீங்களா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

டாக்டர் சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மேல் விளிம்பு மடங்கிய காது. அப்புறம் வயிற்றைப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது, சிவப்பாக, தடிப்பாக. பயமாக இருந்தது. ஆனால் முன்பே தெரிந்த பயம் அது.

பிறகு வந்த நாட்கள் ஒரே நாள் மாதிரி நினைவில் இருக்கின்றன. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். வயிற்றுக்கு மேலே தொங்கும் பையில் குடல். அது தினம் கொஞ்சம் உள்ளே இறங்கும். நாங்கள் தாய்மார்கள் ஓர் அறையில் வரிசையாக உட்கார்ந்து பால் பீய்ச்சி எடுத்து வைப்போம், என்றைக்காவது கொடுக்கச் சொல்வார்கள் என்று. என் பக்கத்தில் லப்பைக்குடிக்காடு என்ற ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி உட்காருவாள். அவள் கணவர் துபாயில். அவளுடைய பிள்ளைக்கு உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் இருந்தது.

"நீங்க சொந்தமாக்கா?" என்று அவளும் கேட்டாள். அவள் கேட்டது ஊர் எது என்று கேட்பது போலத்தான் இருந்தது.

"தாய்மாமன்."

"எனக்கு அசலு. அவங்க ஊரே வேற, இந்தப் பக்கமே கெடையாது. ஒட்டு ஒறவு ஒண்ணுமில்ல. இருந்தும் பாருங்க" என்று சிரித்தாள். "அதுக்கு எங்க மாமியா, வெளிய பொண்ணெடுத்ததாலதான்னு சொல்றாங்கக்கா. அல்லாதான் பாத்துக்கணும்."

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். சில நாள் கழித்து அவள் அந்த அறைக்கு வரவில்லை. அவள் பிள்ளை இருந்த பெட்டியில் வேறு குழந்தை இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்களா, இல்லை வேறா என்று நர்ஸிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கிற பதில் என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். அவள் கைபேசி எண் என்னிடம் இருந்தது. அதில் இன்று வரை நான் அழைத்ததில்லை.

அம்மா வந்து வராந்தாவிலேயே கிடந்தாள். ஒருநாள் நர்ஸ் அவளிடம், "நீங்க புள்ளைக்கு யாரும்மா? அப்பாவப் பெத்தவங்களா, அம்மாவப் பெத்தவங்களா?" என்று கேட்டாள். அம்மா, "அம்மாவப் பெத்தவங்க" என்றாள். பக்கத்தில் நின்ற மாமா, "எனக்கு அக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார். நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாக, "இங்க வந்து அத சொல்லணுமாடா?" என்றாள். மாமா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள்.

குடல் முழுக்க உள்ளே போனது, வயிற்றை மூடினார்கள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து எங்களை ஆட்டிவைத்துப் போனது. முதல் தடவை சொட்டு மருந்து அளவு பால் குழாயில் விட்டபோது மாமா கண்ணாடிக்கு வெளியே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், தானே குடிப்பது போல. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதனை செய்து சொன்னார்கள். ஒருவழியாகப் பெரம்பலூருக்குப் பிள்ளையோடு வந்து சேர்ந்தோம்.

இப்போது அவள் எல்.கே.ஜி. போகிறாள். உடம்பு கொஞ்சம் மெலிவுதான், மற்றபடி ஓட்டத்துக்குக் குறைவில்லை. வயிற்றின் நடுவில் தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு மட்டும்தான். அவளுக்கு அது பெரிய பெருமை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இல்லாதது தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவரப் போகிறவர்கள், கணவன் மனைவி, பால் காய்ச்சுவதற்கு அழைக்க வந்திருந்தார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். இவள் நடுவீட்டில் வந்து நின்று கவுனை மார்பு வரைக்கும் தூக்கி, "ஆன்ட்டி, எனக்குத் தொப்புளே இல்ல தெரியுமா?" என்றாள்.

என் கை நான் சொல்லாமலே போய் அந்தக் கவுனைக் கீழே இழுத்தது. கொஞ்சம் வேகமாகவே இழுத்துவிட்டேன். பிள்ளை தடுமாறி என் காலைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"ஏம்மா இழுத்த?"

"குளிருமேன்னுதான்டி தங்கம்" என்றேன்.

சித்திரை மாதம். ஃபேன் காற்றே அனலாக வந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.